தோலின் பூட்டுகளும் வெள்ளைக் கிறீமும்

வெள்ளவத்தையில் காலி வீதி நெடுகச் சேலைக்கடை, நகைக்கடை, மருந்துக்கடை என்று வரிசை போகும். இடையிடையே மாடிப்படி ஏறினால் அழகு நிலையங்கள். கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிப் பக்கம் போனாலும் இதே கதைதான். முகத்தை வெளுக்க வைக்கும் கிறீம்களுக்கு இங்கெல்லாம் அலுமாரியில் தனி இடம் உண்டு. கலியாணப் பேச்சு எழுந்த வீடுகளில் அவற்றுக்குத் தனி மவுசும் உண்டு. விற்பவர்கள் ஒரே மூச்சில் இரண்டு வாக்குறுதி தருகிறார்கள். நிறம் வெளுக்கும் என்பது ஒன்று. தோல் தெளிந்து, சுத்தமாகி, நலம் பெறும் என்பது மற்றது. முதலாவது ரசனை சார்ந்தது. அதை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து வழக்காட முடியாது. இரண்டாவதை அப்படி விட்டுவிட வேண்டியதில்லை. நல்ல தோல் எது என்பதற்கு உடலியலில் அளவுகோல் இருக்கிறது, அளக்கும் முறைகளும் இருக்கின்றன. அளந்து பார்த்தவர்களின் முடிவு விற்பனைப் பேச்சுக்கு நேர் எதிராக நிற்கிறது. தோலின் நலம் அதன் கலங்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிணைப்புகளில் தங்கியிருக்கிறது. அந்தப் பிணைப்புகள் கறுத்த தோலில் கூடுதல் காலம் தாங்குகின்றன. வெளுக்க வைக்கும் கிறீம்களில் 'கெதியாய் வேலை செய்யும்' என்று பெயரெடுத்தவை பலவும் அந்தப் பிணைப்புகளைக் குலைக்கின்றன. சேலைக்கடையில் துணியைத் தடவி நெசவைப் பார்க்காமல் சாயத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர் நம்மிடையே குறைவு. தோல் விடயத்தில் மட்டும் அந்த விவேகம் கைவிட்டுப் போய்விடுகிறது.

மேற்றோல் என்பது உடலின் பெரும்பகுதியில் ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு தடிப்புள்ள படலம். அதன் அடியில், பிரிந்து பெருகும் கலங்கள் ஒரு வரிசை. அவற்றுக்கு மேல் முட்கலங்கள் பல அடுக்கு. அதற்கும் மேல் மணிக்கலங்கள். உச்சியில் இறந்து தட்டையாகிப்போன கொம்புக்கலங்கள். அடியில் பிறந்த கலம் ஏறக்குறைய நான்கு வாரத்தில் உச்சிக்கு வந்து உதிர்ந்துவிடுகிறது. முட்கலம் என்ற பெயருக்குக் காரணம் ஆய்வுகூடத்தில் நடக்கும் ஒரு தற்செயல். தோல் துண்டைப் பதப்படுத்தி மெழுகில் புதைக்கும்போது கலங்கள் சுருங்கி ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. பிணைப்பு இருக்கும் புள்ளிகள் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. அதனால் ஒவ்வொரு கலத்தைச் சுற்றியும் முள் முள்ளாக நீட்டிக்கொண்டு, பக்கத்துக் கலத்தின் முட்களோடு நுனிக்கு நுனி தொட்டு நிற்கும் தோற்றம் வருகிறது. 1860களில் ஜெர்மனியில் மாக்ஸ் ஷூல்ட்சே இந்த முட்களை விவரித்தார். இத்தாலியரான ஜூலியோ பிற்சொசெரோ, முட்கள் சந்திக்கும் இடத்தில் கருமையான சிறு முடிச்சு ஒன்று இருப்பதைக் கவனித்தார். அதன் பிறகு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு வழக்குத் தீரவில்லை. அந்த முட்கள் ஒரு கலத்தின் உள்ளடக்கம் மற்றக் கலத்துக்குள் பாயும் பாலங்களா, அல்லது இரண்டு தனிக் கலங்கள் தொட்டுக்கொள்ளும் இடங்களா? ஒளியைக் கொண்டு பார்க்கும் எந்த நுணுக்குக்காட்டியும், ஏறத்தாழ 200 நனோமீற்றருக்குக் குறைந்த இடைவெளியில் நிற்கும் இரண்டு பொருள்களை ஒன்றாகவே காட்டும். வழக்கைத் தீர்க்க வேண்டிய சான்றோ அதைவிடப் பலமடங்கு சிறியது.

1958 இல் ஜோர்ஜ் ஓட்லண்ட் மனித மேற்றோலை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து வெளியிட்ட படங்கள் விடயத்தைத் தெளிவாக்கின. பாலம் எதுவும் இல்லை. ஒவ்வொரு கலத்தின் மென்சவ்வும் முழுமையாகத் தன்னை மூடிக்கொண்டிருக்கிறது. இரண்டு மென்சவ்வுக்கும் நடுவே ஏறத்தாழ 30 நனோமீற்றர் இடைவெளி. நம் தலைமயிரின் தடிப்பில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவு. அந்த இடைவெளியின் நட்டநடுவில் ஒரு கருங்கோடு ஓடுகிறது. இரு கரையிலும் மென்சவ்வின் உட்புறத்தில் கருமையான தகடு ஒவ்வொன்று. தகடுகளை நோக்கிக் கலத்தின் உள்ளிருந்து கெரட்டின் இழைகள் கற்றை கற்றையாக வந்து சேர்கின்றன. இந்த முழு அமைப்பும் அரை மைக்குரோமீற்றர் விட்டத்தைத் தாண்டாது. இதற்கு டெஸ்மோசோம் என்று பெயர். பிற்காலத்து உயிரிரசாயனம் அதன் பாகங்களுக்கும் பெயர் வைத்தது: இடைவெளியைக் கடந்து கைகோக்கும் டெஸ்மோகிளெயின், டெஸ்மோகொலின் என்னும் புரதங்கள், அவற்றை உட்பக்கத் தகட்டில் பொருத்தும் பிளாக்கோகுளோபினும் பிளாக்கோபிலினும், தகட்டைக் கெரட்டினோடு கட்டும் டெஸ்மோபிளாக்கின். கல்சியம் இல்லாவிட்டால் இந்தக் கைகோப்பே நடவாது. கவனிக்க வேண்டிய விடயம் இந்தப் பெயர்களுக்கு அப்பால் இருக்கிறது. பிணைப்பின் பாதியை ஒரு கலமும் மறு பாதியை அடுத்த கலமும் தருகின்றன. இரண்டும் சந்திக்கும் இடம் கலத்துக்கு வெளியே இருக்கிறது. ஆகவே ஒரு கலத்தையேனும் கொல்லாமல், அவற்றைப் பிடித்திருக்கும் பூட்டை மட்டும் வெளியிலிருந்து உடைக்க முடியும். பின்னால் வரும் அத்தனைக்கும் இதுவே அடிப்படை.

தோலில் பிணைப்புகள் வேறும் உண்டு. கலங்களுக்கிடையே சிறு மூலக்கூறுகளைக் கடத்தும் இடைவெளிப் பிணைப்புகள் இருக்கின்றன. அடிவரிசைக் கலங்களைக் கீழே உள்ள தளத்தோடு கட்டும் அரை டெஸ்மோசோம்கள் இருக்கின்றன. மணிக்கல அடுக்கில், பக்கத்துக் கலங்களின் மென்சவ்வுகளை இடைவெளியே இல்லாமல் ஒட்டிவிடும் இறுக்கப் பிணைப்புகள் இருக்கின்றன. இந்தக் கடைசி வகையின் பெறுமதியை ஜப்பானில் ஷொய்ச்சிரோ த்சுகிதாவின் குழு 2002 இல் எலிகளில் காட்டியது. கிளோடின்-1 என்ற ஒரேயொரு புரதம் இல்லாமல் பிறந்த எலிக்குஞ்சுகள், தோலினூடாக நீர் வெளியேறி, பிறந்த ஒரு நாளுக்குள் செத்துப்போயின. கலங்கள் இருந்தன, அடுக்குகள் இருந்தன, கொம்புப்படையும் இருந்தது. இல்லாமற்போனது ஒரு பிணைப்பின் ஒரு பாகம்.

மனிதரில் இதே பாடத்தைச் சொல்வது பெம்பிகஸ் என்னும் கொப்புள நோய். வாயிலும் உடம்பிலும் மெல்லிய கொப்புளங்கள் எழுந்து, தொட்டாலே உரிந்து, தோல் பரப்புப் பரப்பாய்க் கழன்றுபோகும். ஸ்டீரொயிட் மருந்துகள் 1950களில் வருமுன் இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலானோர் பிழைக்கவில்லை. 1991 இல் மசயுக்கி அமகாயும் ஜோன் ஸ்டான்லியும் நோயின் இலக்கைக் கண்டுபிடித்தார்கள். நோயாளியின் இரத்தத்தில் உருவாகும் பிறபொருளெதிரிகள் டெஸ்மோகிளெயின்-3 என்ற புரதத்தைத் தாக்குகின்றன. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கலங்கள் உயிரோடு, உருண்டு திரண்டு, ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதக்கின்றன. குழந்தைகளுக்கு வரும் இன்னொரு நோயில், ஸ்டபிலோகொக்கஸ் பற்றீரியாவின் நச்சுப்பொருள் ஒன்று டெஸ்மோகிளெயின்-1 இன் நீண்ட அமினோ அமிலச் சங்கிலியில் ஒரே ஒரு இடத்தை வெட்டுகிறது. சுடுநீர் கொட்டியதுபோல் குழந்தையின் தோல் உரிகிறது. வெட்டு ஒன்று, இடம் ஒன்று. தோலின் உறுதி எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சி கிடையாது.

இனி உச்சிக்கு வருவோம். கிறீம் தொடுவது அந்த இடத்தைத்தான். கொம்புக்கலங்கள் இறந்தவை என்பதால் அவற்றைக் கழிவென்று நினைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அழகு நிலையங்களில் 'செத்த தோலை எடுத்தல்' என்பது ஒரு சேவையாகவே விலைப்பட்டியலில் இருக்கிறது. உண்மையில் நீரை உள்ளேயும் கிருமியை வெளியேயும் நிறுத்துகிற வேலையின் பெரும்பகுதியை அந்தச் செத்த கலங்களே செய்கின்றன. அவற்றுக்கு இடையில் கொழுப்புப் படலங்கள் நிரம்பியிருக்கின்றன. அவற்றைப் பிடித்திருப்பவை டெஸ்மோசோமின் மாற்றுருவான கோர்னியோடெஸ்மோசோம்கள். கொம்புப்படையின் அடிப்பகுதியில் இந்தப் பூட்டுகள் கலத்தின் முழுப் பரப்பிலும் இருக்கும். மேலே போகப் போக நடுவில் உள்ளவை மறைந்து, ஓரங்களில் மட்டும் எஞ்சும். கடைசியில் ஓரப் பூட்டும் அவிழ, கலம் உதிரும். அவிழ்ப்பவை கலிக்ரெயின் வகையைச் சேர்ந்த புரதமுடைக்கும் நொதியங்கள். அவற்றுக்குக் கடிவாளம் போடும் ஒரு தடுப்புப் புரதமும் தோலிலேயே உண்டு. அந்தத் தடுப்புப் புரதத்தின் மரபணு பழுதானால் நெதர்ட்டன் நோய் வருகிறது. அந்த நோயோடு பிறக்கும் குழந்தைகளில் பூட்டுகள் நேரத்துக்கு முன்னமே அவிழ்ந்து, தோல் சிவந்து செதிலாய்க் கொட்டுகிறது.

இந்த நொதியங்களின் வேகத்தைத் தீர்மானிப்பவற்றுள் முக்கியமானது தோலின் அமிலத்தன்மை. ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு பீ.எச். அளவில் 4.5 க்கும் 5.5 க்கும் இடையில் நிற்கிறது. கலிக்ரெயின்கள் நடுநிலையிலும் காரத்திலும் உற்சாகமாக வேலை செய்பவை, அமிலத்தில் அடங்கிக்கிடப்பவை. கொழுப்புப் படலங்களைச் சமைக்கும் நொதியங்களுக்கோ அமிலம்தான் பிடிக்கும். ஆக, தோல் அமிலமாய் இருக்கும்வரை பூட்டுகள் மெதுவாக அவிழ்கின்றன, கொழுப்புச் சுவர் ஒழுங்காக எழும்புகிறது. காரம் ஏறினால் இரண்டும் ஒருசேரக் குலைகின்றன. வழமையான சவர்க்காரக் கட்டியின் பீ.எச். 9 க்கும் 10 க்கும் இடையில். கொழும்பின் வேர்வைக்கு நாளுக்கு மூன்று தரம் முகத்தைச் சவர்க்காரம் போட்டுத் தேய்க்கும் பழக்கம் இந்தக் கணக்கில் எந்தப் பக்கம் சேரும் என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

நிறம் இந்தக் கதைக்குள் நுழைவது இங்கேதான். கறுப்பரிடமும் வெள்ளையரிடமும் நிறம் உண்டாக்கும் கலங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. வேறுபடுவது அவை தயாரித்து அனுப்பும் மெலனின் பொதிகள். வெளிறிய தோலில் அவை சிறியவை, கொத்தாக அடைபட்டவை. கறுத்த தோலில் பெரியவை, தனித்தனியே பரவி நிற்பவை. இவ்வளவும் நிறத்தோடு முடிந்துவிடும் விடயம் என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. 1995 இல் சான் பிரான்சிஸ்கோவில் பீட்டர் எலையஸும் அவரது சகாக்களும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒட்டுநாடாவைத் தோலில் ஒட்டி உரிக்க வேண்டும். உரித்தலுக்கு ஒரு மெல்லிய அடுக்குக் கொம்புக்கலம் வரும். தோலின் நீர்த்தடுப்பு முறியும்வரை எத்தனை தரம் உரிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணினார்கள். வெளிறிய தோலுக்குச் சராசரி ஏறத்தாழ 30 தரம் போதுமாயிருந்தது. மிகக் கறுத்த தோலுக்கு ஏறத்தாழ 67 தரம் தேவைப்பட்டது. முறிந்த தடுப்பு மீண்டும் கட்டியெழுவதும் கறுத்த தோலில் வேகமாக நடந்தது. உரித்தலை எதிர்ப்பது கலங்களின் பிணைப்பு என்பதால், இந்த எண்ணிக்கை ஒரு வகையில் பூட்டுகளின் உறுதியை எண்ணியதே.

காரணத்தைத் தேடிய ஆய்வுகளில் முக்கியமானது 2009 இல் வந்தது. அதன் முதலாசிரியர் இலங்கையரான ரொஷான் குணதிலக என்பது நம் வாசகருக்குச் சொல்லத்தக்க செய்தி. எலையஸின் குழுவோடு சேர்ந்து செய்த அந்த ஆய்வு, கறுத்த தோலின் மேற்பரப்பு பீ.எச். சராசரி 4.6, வெளிறிய தோலில் 5.0 என்று கண்டது. வித்தியாசம் அற்பமாகத் தெரியலாம். ஆனால் பீ.எச். ஒரு மடக்கை அளவு, எண் 0.4 புள்ளி குறைந்தால் அமிலச் செறிவு இரண்டரை மடங்கு. அதற்கேற்பக் கறுத்த தோலில் புரதமுடைக்கும் நொதியங்கள் அடங்கியிருந்தன, பூட்டுகள் தாமதித்து அவிழ்ந்தன, கொழுப்பும் கூடுதலாக இருந்தது. இன்னும் ஒரு படி போய், வெளிறிய தோலில் மென்மையான அமிலம் ஒன்றைப் பூசி அமிலத்தன்மையை உயர்த்தியபோது, அதன் தடுப்பாற்றலும் கறுத்த தோலின் தரத்தை நோக்கி நகர்ந்தது. நிறக்கலங்கள் மேலடுக்குகளுக்கு அனுப்பும் மெலனின் பொதிகளே அந்த அமிலத்தின் ஒரு ஊற்று என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் கறுப்பு வெறும் நிழற்குடை மட்டுமல்ல. பூட்டுகளைக் காக்கும் வேலையிலும் அதற்குப் பங்கு உண்டு.

இங்கே நியாயமான மறுப்புகள் எழும். முதல் மறுப்பு, இது பழைய இனவாத அறிவியலைத் தலைகீழாய்ப் பிடித்து நிறுத்துவதாகாதா என்பது. ஆகாது. 1995 ஆய்வு இதற்கு நேரடியாகவே விடை சொன்னது: வித்தியாசம் தோலின் நிற ஆழத்தோடு போனது, இனத்தோடும் போகவில்லை, ஆண் பெண் என்பதோடும் போகவில்லை. ஒரே வீட்டில் பிறந்த மாநிற அக்காவுக்கும் கறுத்த தங்கைக்கும் இடையில் இருக்கக்கூடிய வித்தியாசம் இது. மக்கள் கூட்டங்களைத் தரம்பிரிக்க இதில் எதுவும் இல்லை. இரண்டாவது மறுப்பு கனமானது. தோலினூடாக நீர் வெளியேறும் வேகத்தை அளந்த சில ஆய்வுகள் ஆபிரிக்க வம்சத்தினரில் அது கூடுதலாக இருப்பதாகச் சொல்லியிருக்கின்றன. செரமைட் என்ற கொழுப்பு அவர்களில் குறைவு என்று கண்டவர்களும் உண்டு. இந்த முரணை மறைக்கத் தேவையில்லை. சாதாரண நிலையில் நீர் கசிவதும், உரிப்பைத் தாங்கி நிற்பதும் இரண்டு வெவ்வேறு குணங்கள். கசிவு கொழுப்பைக் கூடுதலாகச் சார்ந்தது, தாங்குதல் பிணைப்பைச் சார்ந்தது. கசிவு பற்றிய முடிவுகள் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. பிணைப்பு பற்றியவை பெரும்பாலும் ஒரே பக்கம் சாய்கின்றன. செரமைட் குறைவைக் கண்ட ஆய்வுகளிலும் கலங்களின் ஒட்டுறவு வலுவாக இருந்ததுண்டு. என் வாதம் பிணைப்பைப் பற்றியது என்பதால் அது நிற்கிறது. அதற்குமேல் இழுத்து, கறுத்த தோலுக்கு எக்சிமாவே வராது என்றெல்லாம் பேசினால்தான் விழும். வருகிறது, சிவப்பு வெளியே தெரியாததால் பிந்திக் கண்டுபிடிக்கப்படவும் செய்கிறது.

கிறீம்களுக்கு வருவோம். ஒரு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது என்றால் பெரும்பாலும் அதற்குள் வலுவான ஸ்டீரொயிட் இருக்கும்: குளோபெற்றசோல் அல்லது பெற்றாமெதசோன். மருத்துவரின் சீட்டோடு, குறித்த நோய்க்கு, குறித்த நாளுக்குத் தர வேண்டிய மருந்துகள் இவை. ஸ்டீரொயிட் இரத்தக்குழாய்களைச் சுருக்கும், நிறக்கலங்களை மந்தமாக்கும், தற்காலிகமாக வீக்கத்தையும் பருவையும் அடக்கும். ஆகவே கண்ணாடியில் தெரிவது உண்மையான மாற்றம்தான். கண்ணாடியில் தெரியாததை 2003 இல் எலையஸும் அவரது சகா பைன்கோல்டும் சேர்ந்த குழு அளந்தது. ஆரோக்கியமான மனிதத் தோலில் குளோபெற்றசோலை வெறும் மூன்று நாள் பூசினார்கள். ஒட்டுநாடாச் சோதனையில் தோல் முன்னைவிட எளிதாக முறிந்தது. உரித்தலுக்கு வந்த புரதத்தின் அளவு கூடியது. முறிந்த தடுப்பு மீளத் தாமதித்தது. காரணம் தேடி எலித்தோலைப் பார்த்தபோது கொழுப்பு உற்பத்தி குன்றியிருந்தது, கோர்னியோடெஸ்மோசோம்களும் குறைந்திருந்தன. மூன்று நாளுக்கு இது. மாதக்கணக்கில் பூசும் முகத்தில் தோல் மெலிந்து, இரத்தக்குழாய் கோடு கோடாய்த் தெரிந்து, வெயில் பட்டாலே எரிந்து, கிறீமை நிறுத்தினால் முன்னைவிட மோசமாகச் சிவந்து கொப்பளிக்கும். நிறுத்த முடியாமல் திரும்பவும் வாங்குகிறார்கள். இந்தியாவில் பல நகரங்களின் தோல் மருத்துவர்கள் சேர்ந்து 2011 இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தில் தோல் நோயோடு வந்த 2926 பேரில் 433 பேர் ஸ்டீரொயிட் பூசிக்கொண்டிருந்தார்கள். ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து.

கொழும்புக்கு இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு. இத்தாலிய மருத்துவர் அல்டோ கஸ்தெல்லானி 1903 முதல் 1915 வரை இந்த நகரில் பற்றீரியாவியல் நிறுவகத்தின் பணிப்பாளராக இருந்தார். படர்தாமரைக்குக் காரணமான, இன்று உலகெங்கும் பரவியிருக்கும் ட்ரைக்கோபைற்றன் ரூப்ரம் என்ற பூஞ்சணத்தை முதலில் விவரித்தவர் அவர், ஆண்டு 1910. கெரட்டினைத் தின்று வாழும் அந்தப் பூஞ்சணம் சாதாரணமாகக் கொம்புப்படையைத் தாண்டி உள்ளே போவதில்லை. உடலின் எதிர்ப்பு அதை ஓரமாய்ச் சிவக்க வைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டீரொயிட் பூசிய தோலில் அந்தச் சிவப்பு அடங்கி, வட்டம் கலைந்து, அடையாளமே தெரியாமல் பூஞ்சணம் பரவுகிறது. வெளுப்பதற்குப் பூசிய கிறீமின் கீழ் கஸ்தெல்லானியின் பூஞ்சணம் சொகுசாக வளர்கிறது என்று சொன்னால் அது மிகையில்லை.

பாதரசம் அடுத்தது. மெலனின் ஆக்கும் நொதியத்துக்குச் செப்பு தேவை. பாதரசம் அந்த நொதியத்தை முடக்குகிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை, கிறீம்களில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் சேர்ப்பதை 2020 உடன் நிறுத்தச் சொன்னது. இலங்கை 2017 இல் அதை ஏற்றுறுதி செய்தது. ஆயினும் பல நாடுகளில் நடந்த சோதனைகளில் அந்த எல்லையை ஆயிரக்கணக்கான மடங்கு தாண்டிய கிறீம்கள் அகப்பட்டபடியே இருக்கின்றன. பாதரசம் தோலோடு நிற்காது. கேரளத்தின் கோட்டக்கலில் சிறுநீரக மருத்துவர்கள் இருவர், 2021 ஜூலை முதல் 2023 செப்ரெம்பர் வரை தாங்கள் கண்ட 22 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். எல்லோருக்கும் சிறுநீரக வடிகட்டி பழுதாகிப் புரதம் சிறுநீரில் போகும் நோய். 15 பேருக்கு நெல்-1 என்ற அரிதான வகை. அவர்களில் 13 பேர் வெளுக்கும் கிறீம் பூசியவர்கள். ஒரு பக்கக் குறிப்பு: சிறுநீரகத்தில் புரதத்தைத் தடுத்து நிறுத்தும் இடத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தால், அதுவும் இரண்டு கலங்களின் கால்களுக்கு நடுவே, ஏறத்தாழ 40 நனோமீற்றர் அகலத்தில், புரதங்கள் கைகோத்து நிற்கும் ஒரு கலப் பிணைப்பே. முகத்தில் பூசியது உடம்பின் வேறொரு பூட்டைப் போய் உடைக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் கிறீமின் தரப்பில் சொல்லத்தக்கது உண்டு. சொல்லாமல் விட்டால் வாதம் நேர்மையாகாது. வெளுக்கும் கிறீம் எல்லாம் ஒன்றல்ல. பெரிய நிறுவனங்களின் கிறீம்களில் பரவலாக இருக்கும் நியாசினமைட், மெலனின் பொதிகள் கலத்துக்குக் கலம் கைமாறுவதைக் குறைக்கிறது. கொழுப்பு உற்பத்தியைத் தூண்டித் தடுப்புச் சுவருக்கு உதவவும் செய்கிறது. ஆனால் அதன் வெளுப்பு மிகச் சிறியது, மெதுவானது. அதில் திருப்திப்படாதவர்கள்தான் 'கெதியாய் வேலை செய்யும்' பெயரில்லா டப்பிக்குப் போகிறார்கள். ஸ்டீரொயிட் உயிர்காக்கும் மருந்தல்லவா என்பது இன்னொரு கேள்வி. ஆம், பெம்பிகஸ் நோயாளியைச் சாவிலிருந்து மீட்டதே அதுதான். அங்கே பூட்டைத் தாக்கும் பிறபொருளெதிரிகளை அடக்கவே அது கொடுக்கப்படுகிறது, பக்கவிளைவு தெரிந்தே கொடுக்கப்படுகிறது. பூட்டு நன்றாக இருக்கும் ஒருவருக்குக் கொடுப்பதில் மிஞ்சுவது பக்கவிளைவு மட்டும். பரு போன பின் நிற்கும் கரும்புள்ளிக்கும் மங்குவுக்கும் சிகிச்சை வேண்டாமா என்றால், வேண்டும். ஆல்பர்ட் கிளிக்மன் 1975 இல் தந்த ஹைட்ரோகுயினோன் கலவை அதற்காக வந்ததே. மருத்துவர் பார்வையில், காலவரையறையோடு அது பயன்படுகிறது. வரையறை மீறி வருடக்கணக்கில் பூசியவர்களுக்குச் சாம்பல் நீலத்தில், எளிதில் போகாத கருமை படர்ந்ததைத் தென்னாபிரிக்க மருத்துவர்கள் அதே 1975 இல் எழுதினார்கள். தரமான நிறுவனம் என்றால் பயமில்லை என்பதும் முழு உண்மையல்ல. ஜப்பானில் அரச அங்கீகாரம் பெற்ற றோடோடெண்ட்ரோல் என்ற வெளுப்புப் பொருள், நிறக்கலங்களையே கொன்று பதினாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வெண்திட்டுகளை உண்டாக்கியதால் 2013 இல் சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டது.

கடைசி மறுப்பு அறிவியலுக்கு வெளியே நிற்கிறது: பெண்ணின் நிறத்தைப் பார்த்துச் சம்பந்தம் பேசும் ஊரில், வெளுக்க விரும்புகிறவளைக் குறை சொல்ல யாருக்கு உரிமை? யாருக்கும் இல்லை. மணமகள் தேவை விளம்பரத்தில் 'சிவந்த' என்ற சொல்லைக் காசு கொடுத்து அச்சிடுகிறவர்கள் இருக்கும்வரை கிறீம் விற்கும். ஆனால் அவளிடம் விற்கப்படுவது நிறம் மட்டுமாக இருந்தால் அது அவளது தெரிவு என்று விடலாம். விற்கப்படுவது நலம் என்ற பெயரில். அந்தப் பெயர் பொய் என்பதே இந்தக் கட்டுரையின் வழக்கு. நாற்பது நனோமீற்றருக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாத வாடிக்கையாளரிடம், கண்ணுக்குத் தெரியும் வெளுப்பைக் காட்டி, தெரியாத சேதத்தை நலமென்று விற்பது ஏமாற்று.

ஆகவே வாசகரிடம் சில வேண்டுகோள். உட்பொருள் அச்சிடாத டப்பியை எவர் தந்தாலும் வாங்காதீர்கள். அழகு நிலையத்தில் கலந்து தரும் கிறீமும் இதில் அடங்கும். அச்சிட்டிருந்தால் பாதரசம் என்ற பெயரையும், குளோபெற்றசோல், பெற்றாமெதசோன், மொமெற்றசோன் என்ற ஸ்டீரொயிட் பெயர்களையும் தேடிப் பாருங்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசுகிறவர் இதைப் படித்துவிட்டு நாளைக்கே திடீரென்று நிறுத்திவிட வேண்டாம். ஸ்டீரொயிட்டுக்குப் பழகிய தோல் சீறும், அதைப் படிப்படியாகக் குறைக்கத் தோல் மருத்துவரின் துணை வேண்டும். கொழும்பு தேசிய மருத்துவமனையின் தோல் கிளினிக்கில் அதற்குக் கட்டணம் கிடையாது. போகும்போது டப்பியையும் கையோடு கொண்டு போங்கள்.